பாசியில மாட்டாம லூர் போடுறது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கோம்.)

போன எபிசோட்ல முதல் ராட், முதல் ரீல் எப்படித் தேர்வு செய்யறதுன்னு பேசினோம். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான். "ப்ரோ, எல்லாம் வாங்கியாச்சு, ஏரிக்கும் போயாச்சு. பத்து தடவை வீசினா எட்டு தடவை பாசிதான் வருது. ரெண்டு லூர் உள்ளேயே போயிடுச்சு."

அதனால இன்னைக்கு முழுக்க இந்த ஒரு விஷயம்தான். பாசி நிறைஞ்ச தண்ணியில லூர் மாட்டாம எப்படி இழுக்கிறது, மாட்டிக்கிட்டா எப்படி எடுக்கிறது, எப்போ அதை விட்டுட்டு வரணும். அந்தக் கடைசிக் கேள்விதான் இந்த எபிசோட்ல ரொம்ப முக்கியம். அதனால பாதியில நிறுத்திடாதீங்க.

பாசி இல்லாத இடத்துல போட்டா என்ன?

போடலாம். லூர் மாட்டாது. விராலும் மாட்டாது.

நம்ம ஊர் ஏரி, குளத்துல லூர் போடுறவங்க பெரும்பாலும் தேடிப் போறது விராலைத்தான். விராலுக்கு ஒரு விசேஷம் இருக்கு. செவுள் மட்டும் அதுக்குப் போதாது, மேல வந்து காற்றையும் குடிக்கணும். அதனாலதான் அசையாத தண்ணியில திடீர்னு ஒரு 'ப்ளக்' சத்தம் கேட்கும், ஒரு வளையம் விரியும். அடர்த்தியா பாசி மூடின தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சிடும், மத்த மீனுக்கு அங்க மூச்சு முட்டும். விராலுக்கு அந்தக் கவலை கிடையாது. தலைக்கு மேல நிழல், ஒளிஞ்சு நிக்க இடம், மேல தவளை, சுத்தி சின்ன மீன். அதுக்கு பாசிதான் வீடு, பாசிதான் ஹோட்டல்.

அதனால பாசியைத் தவிர்க்க முடியாது. பாசிக்குள்ள போயிட்டு பாசி இல்லாம வெளிய வரணும். பிரச்சினையை இப்படி வச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

எது மாட்டுது?

லூர்ல மாட்டுற இடம் மூணுதான்.

ஒண்ணு, முள்ளோட முனை. இதுதான் முதல் குற்றவாளி. மூணு முள் சேர்ந்த ட்ரெபிள் ஹூக் போட்ட லூரை பாசியில இழுக்கிறது, சீப்பால தலை வார்ற மாதிரி. வழியில உள்ளதெல்லாம் சேர்ந்து வரும்.

ரெண்டு, முடிச்சும் ஸ்னாப்பும். லூரை மாத்த வசதியா இருக்குன்னு ஸ்னாப், ஸ்விவல் எல்லாம் போடுவோம். திறந்த தண்ணியில சரி. பாசியில அந்த ஒவ்வொரு வளையமும் ஒரு கொக்கி. லைனை நேரா லூர்ல கட்டுங்க, முடிச்சுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கிற மிச்சத்தை ஒட்ட வெட்டுங்க. ரெண்டு மில்லிமீட்டர் வாலு கூட பாசி இழையைப் பிடிச்சு இழுத்துட்டு வரும்.

மூணு, லூரோட மூக்கு. முன்னாடி உதடு மாதிரி பிளாஸ்டிக் தகடு இருக்கிற லூர் தண்ணிக்குள்ள முங்கிப் போகும். பாசியில அது மண்வெட்டி மாதிரி வேலை செய்யும். மூக்கு கூரா, வழுக்கிட்டுப் போற மாதிரி இருக்கிறதுதான் நமக்கு வேணும்.

இதை ஏரிக்குப் போகாமலே டெஸ்ட் பண்ணலாம். வீட்டுல பூத்துண்டு இருக்கும் இல்லையா, நூல் வளையம் வளையமா இருக்குமே, அது. அதைத் தரையில விரிச்சு, லூரை அது மேல மெதுவா இழுங்க. துண்டுல மாட்டினா பாசியிலயும் மாட்டும். நம்ம பாஷையில சொன்னா யூனிட் டெஸ்ட். ப்ரொடக்ஷனுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷ வேலை.

எல்லாப் பாசியும் ஒண்ணு இல்ல

கரையில நின்னு பார்க்கும்போது எல்லாம் பச்சையாதான் தெரியும். ஆனா லூர் தேர்வு செய்ய மூணு வகையாப் பிரிச்சுக்கணும்.

முதல் வகை, மேல மிதக்கிறது, இல்லைன்னா மேல இலை விரிக்கிறது. ஆகாயத்தாமரை, சில ஊர்ல வெங்காயத்தாமரைன்னு சொல்வாங்க, தென்னமெரிக்காவுல இருந்து வந்த செடி. அதுக்கு கீழ வேர் கருப்பா, இறகு மாதிரி தொங்கும். அதுல முள் பட்டா அவ்வளவுதான். தாமரை, அல்லியும் இந்தக் கணக்குல வரும். இங்க ஒரே பதில்தான்: ரப்பர் தவளை, அதாவது ஃப்ராக் லூர். உள்ள காலியா இருக்கும், மிதக்கும். ரெட்டை முள் உடம்போட முதுகை ஒட்டி, முனை மேல் நோக்கிப் படுத்திருக்கும். இலை மேல வழுக்கிட்டு வரும். மீன் கடிக்கும்போது ரப்பர் அமுங்கி, முனை அப்போதான் வெளிய வரும். புதுசா வாங்கினதும் முனை உடம்போட ஒட்டி இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. "கொஞ்சம் வெளிய வளைச்சு விடு, கடி நல்லா மாட்டும்"னு சில பேர் சொல்வாங்க. மாட்டும்தான், பாசியும் மாட்டும். இலை நெருக்கமா இருக்கிற இடத்துல வளைக்காதீங்க. ஒவ்வொரு சில வீச்சுக்கு ஒரு தடவை தவளையைப் பிழிஞ்சு உள்ள போன தண்ணியை எடுத்துடுங்க. தண்ணி ஏறின தவளை பின்பக்கம் அமுங்கும், அமுங்கினா மாட்டும்.

ரெண்டாவது வகை, தண்ணிக்குள்ளேயே வளர்றது. வேலம்பாசி மாதிரி. மேல ஒரு அடி, ஒன்றரை அடி தெளிவான தண்ணி இருக்கும், கீழ காடு. இங்க ரப்பர் புழு, ரப்பர் மீனை 'டெக்சஸ் ரிக்' முறையில கட்டுறது நல்லது. தலைப்பக்கம் படி மாதிரி வளைஞ்ச ஆஃப்செட் முள் எடுத்துக்கோங்க. முனையைப் புழுவோட மூக்குல குத்தி, கால் இன்ச் உள்ள விட்டு, அடிப்பக்கமா வெளிய எடுங்க. முள்ளைத் திருப்பி, முனையைத் திரும்ப உடம்புக்குள்ள புதைச்சிடுங்க. புழு நேரா, கோணல் இல்லாம இருக்கணும். கோணலா இருந்தா இழுக்கும்போது சுத்தும், லைன் முறுக்கிக்கும். ஈயம் இல்லாமலே போட்டா மெதுவா இறங்கும், பாசியோட தலையைத் தொட்டுட்டு வரும். அடர்ந்த இடத்துல உள்ள இறக்கணும்னா தோட்டா வடிவ ஈயம் போடுங்க. அது லைன்ல சும்மா ஓடிட்டிருந்தா ஈயம் ஒரு பக்கம், புழு ஒரு பக்கம் பிரிஞ்சு நடுவுல பாசி புகுந்துடும். அதனால ஈயத்தோட ஓட்டையில ஒரு பல்குச்சியைச் செருகி, மிச்சத்தை உடைச்சு விட்டுடுங்க. நகராது.

மூணாவது வகை, செங்குத்தா நிக்கிறது. சம்பு, கோரை, நெய்வேலி காட்டாமணக்கு. கூடவே ஏரிக்குள்ள முங்கிக் கிடக்கிற கருவேலம், சீமைக்கருவேலக் கட்டையையும் சேர்த்துக்கோங்க. இங்க லூரை விட திசைதான் முக்கியம். புதருக்குக் குறுக்கே வீசினா, திரும்ப வரும்போது ஒவ்வொரு தண்டையும் தாண்டணும். புதரோட ஓரத்தை ஒட்டி, அதுக்கு இணையா வீசினா ஒண்ணையும் தாண்ட வேண்டாம். விராலும் பெரும்பாலும் அந்த ஓரத்துலதான் நிக்கும்.

வீசுறதுக்கு முன்னாடி வெளிய வர்ற வழி

எங்க விழணும்னு எல்லாரும் பார்ப்பாங்க. அதுக்கு முன்னாடி, எந்த வழியா திரும்ப வரணும்னு பாருங்க. தாமரை இலைகளுக்கு நடுவுல ஒரு சந்து தெரியும். அந்தச் சந்து உங்களை நோக்கி வருதா, பக்கவாட்டுல போகுதா? பக்கவாட்டுல போனா பத்தடி நடந்து, அது நேரா தெரியற இடத்துக்குப் போங்க. கூலிங் கிளாஸ் போலரைஸ்டா இருந்தா தண்ணிக்கு மேல பளபளப்பு குறைஞ்சு, உள்ள இருக்கிறது கொஞ்சம் தெரியும். கண்ணுக்குப் பாதுகாப்பும் ஆச்சு, அதை அப்புறம் சொல்றேன்.

நாற்பது மீட்டர் வீசணும்னு ஆசைப்படாதீங்க. தூரம் கூடக்கூட லைன் தண்ணியோட தட்டையாப் படுக்கும், எல்லா இலை மேலயும் படும். பதினஞ்சு மீட்டர்ல, ஏரிக்கரை மேல உயரமான இடத்துல நின்னா லைன் மேல இருந்து சரிவா வரும். லூரோட மூக்கு தூக்கினபடியே இருக்கும், இலையோட விளிம்புல முட்டாது, ஏறிடும்.

வீசும்போது குழி மேலேயே போடாதீங்க. குழிக்கு ரெண்டு அடி தள்ளி, பாசி மேல விழட்டும். அங்கிருந்து இழுத்து குழிக்குள்ள 'தொப்'னு இறக்குங்க. தவளை அப்படித்தானே குதிக்கும்? அங்க நிறுத்துங்க. அஞ்சு எண்ணுங்க. மறுபடி ஒரு சின்ன ஆட்டம். குழியோட அடுத்த விளிம்பு வந்ததும் ராட் முனையைத் தூக்கி, லூரை இலை மேல ஏத்துங்க. இழுக்காதீங்க, தூக்குங்க. இலையில முட்டி நின்னா உடனே ஒரு வெட்டு வெட்டத் தோணும். வெட்டாதீங்க. லைனை லேசா தளர்த்தி, முனையை ஆட்டினா பெரும்பாலும் லூர் தானே புரண்டு வந்துடும். வெட்டின நொடியில, சும்மா சாஞ்சிருந்த முள் உண்மையாவே குத்திடும்.

லைன் விஷயத்துல ஒரு வார்த்தை. பாசிக்கு பிரெய்டுதான். நைலான் நரம்பு, நம்ம தங்கூசி, ரப்பர் மாதிரி நீளும். பிரெய்டு நீளாது, மிதக்கும், மெல்லிய தண்டை அறுத்துட்டு வரும். முப்பதுல இருந்து ஐம்பது பவுண்டு வரை வச்சுக்கலாம். இவ்வளவு பலம் மீனோட எடைக்காக இல்ல. ரெண்டு கிலோ விராலோட அஞ்சு கிலோ பாசியும் வரும், அதுக்காக. ஆனா கட்டை இருக்கிற இடத்துல பிரெய்டு மரத்துக்குள்ள ரம்பம் மாதிரி இறங்கி மாட்டும். அங்க முன்னாடி ரெண்டு மூணு அடி தடிமனான லீடர் கட்டுங்க. அந்த லீடர் மெயின் லைனை விட பலம் குறைஞ்சதா இருக்கட்டும். ஏன்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

கடிச்சதும் என்ன?

தவளையை விரால் அடிக்கும்போது வெடி மாதிரி சத்தம் வரும். உடனே இழுத்தா வாயில இருந்து தவளை பறந்து வரும், இல்லைன்னா பின்னாடி இருக்கிற புதர்ல போய் மாட்டும். ராட் முனையைத் தாழ்த்துங்க, தளர்ச்சியைச் சுத்தி எடுங்க, மீனோட எடை கையில தெரிஞ்சதும் பலமா ஒரு வெட்டு. அதுக்கப்புறம் விளையாட்டுக் காட்ட வேண்டாம். விராலுக்கு ரெண்டு நொடி கொடுத்தா பாசி வேருக்குள்ள தலையைச் செருகிடும். தலையை மேல தூக்கி, இலை மேலேயே இழுத்துட்டு வரணும்.

உள்ள புகுந்துட்டா உலுக்காதீங்க. லைனை இறுக்கமாவே வச்சுட்டு பொறுமையா நில்லுங்க. கொஞ்ச நேரத்துல மீன் அசையும். அசையற நேரம்தான் உங்களோட நேரம்.

மாட்டிக்கிச்சு. இப்போ?

முதல் கேள்வி: மெத்துன்னு இருக்கா, கல்லு மாதிரி இருக்கா?

மெத்துன்னு, கொஞ்சம் கொஞ்சமா வருதுன்னா பாசி. ராட்டை வளைக்காம, நேரா நீட்டி, சீரா இழுங்க. பிரெய்டு தண்டை அறுக்கும், இல்ல செடியே வேரோட வரும்.

அசையவே இல்லைன்னா கட்டை. இங்க பலம் உதவாது. முள் எந்தத் திசையில குத்தியிருக்கோ, அதே திசையில இழுத்தா இன்னும் ஆழமாத்தான் போகும். அதனால திசையை மாத்துங்க. கரையில இடப்பக்கம் இருபது அடி நடங்க, தளர்த்தி ஆட்டுங்க. வரலையா, வலப்பக்கம் போங்க. அடுத்தது வில் முறை. லைனை இறுக்கமா வச்சு, ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவுல இருக்கிற லைனை நாண் மாதிரி விரலால இழுத்து டக்குனு விடுங்க. திடீர்னு லைன் தளரும்போது லூர் தன் எடையில பின்னாடி துள்ளும். கனமான லூருக்கு இது நல்லா வேலை செய்யும், தவளைக்கு அவ்வளவா இல்ல.

எதுவும் நடக்கலைன்னா அறுக்கணும். ராட்டால அறுக்காதீங்க, ராட்தான் உடையும். ராட்டை லூருக்கு நேரா நீட்டி, லைனை ஒரு கட்டைக் குச்சியில நாலு சுத்து சுத்துங்க. கையில சுத்தவே கூடாது, பிரெய்டு விரலைக் கத்தி மாதிரி அறுக்கும். முகத்தைத் திருப்பிக்கிட்டு மெதுவா பின்னாடி நடங்க. சில நேரம் அறுறதுக்குப் பதிலா லூர் விடுபட்டு நேரா உங்க முகத்தைப் பார்த்துப் பறந்து வரும். கண்ணாடி எதுக்குன்னு இப்போ புரியும்.

லீடர் ஏன் பலம் குறைஞ்சதா இருக்கணும்? வீட்டு மின்சாரத்துல ஃப்யூஸ் எதுக்கோ, அதுக்குத்தான். எங்க அறணும்னு நாம முன்னாடியே முடிவு பண்றோம். அறுந்தா லீடர்ல அறும், தண்ணியில மூணு அடிதான் மிச்சம். ஃப்யூஸ் இல்லைன்னா பிரெய்டு எங்க வேணா அறும், முப்பது மீட்டர் லைன் ஏரியில கிடக்கும்.

தண்ணிக்குள்ள இறங்காதீங்க

இதுக்காகத்தான் நிறுத்தாதீங்கன்னு சொன்னேன்.

லூர் கண்ணுக்குத் தெரியும். பதினஞ்சு அடி தூரம். இடுப்பளவு தண்ணின்னு தோணும். முந்நூறு, நானூறு ரூபா லூர். "டேய், நான் எடுத்துட்டு வரேன்"னு ஒருத்தன் சட்டையைக் கழட்டுவான்.

விடாதீங்க. நம்ம ஏரிகள்ல மண் எடுத்த குழி இருக்கும். இடுப்பளவு தண்ணியில நடந்துட்டே இருக்கும்போது அடுத்த அடி ஆள் முழுகுற ஆழம். மேல இருந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது, பாசி மூடியிருக்கும். அடியில வண்டல் காலைப் பிடிக்கும். தாமரைத் தண்டும் பாசியும் காலைச் சுத்தும், உதறினா இன்னும் இறுகும். நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களும் இதுல தப்ப முடியாமப் போயிருக்காங்க. காப்பாத்தப் பின்னாடியே குதிக்கிற நண்பனும் அதே பாசிக்குள்ளதான் குதிக்கிறான். ஒவ்வொரு கோடையிலயும் ஏரி, குளத்துல மூழ்கின இளைஞர்கள் பத்தின செய்தி வருது. அது நம்ம வயசு.

அதனால கிளம்பும்போதே குழுவுல பேசி வச்சுக்கோங்க: போன லூர் போனதுதான். மாசத்துக்கு ரெண்டு லூர் போகும்னு பட்ஜெட்லயே எழுதிடுங்க. செலவு முன்னாடியே ஒத்துக்கிட்டதா இருந்தா, அந்த நிமிஷத்துல யாருக்கும் இறங்கத் தோணாது.

நாம விட்டுட்டு வர்றது

அறுந்த நரம்பு மக்காது. நீர்க்காகம், நாரை, கூழைக்கடா எல்லாம் அதே பாசியிலதான் இரை தேடும். காலிலயோ அலகிலயோ சுத்திக்கிட்டா அதுக்கு அவிழ்க்கத் தெரியாது. கரையில கிடக்கிற துண்டு லைனை, உங்களோடது இல்லைன்னாலும், சுருட்டிப் பையில போட்டுட்டு வாங்க. குப்பையில போடும்போது சின்னச் சின்னதா வெட்டிப் போடுங்க.

ரெண்டாவது, வலை. பல ஏரிகள்ல மீன் குத்தகைக்கு விட்டிருப்பாங்க. முதல்ல ஊர்க்காரங்ககிட்ட, குத்தகைக்காரர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க. பறவைகள் சரணாலயமா இருந்தா கேட்கவே வேண்டாம், போடக் கூடாது. தண்ணியில தெர்மாகோல் துண்டோ காலி பாட்டிலோ வரிசையா மிதந்தா கீழ வலை இருக்குன்னு அர்த்தம். உங்க முள் அதுல மாட்டினா, உங்களுக்குப் போறது ஒரு லூர். அந்த அண்ணனுக்குப் போறது ஒரு நாள் கூலி. மாட்டிக்கிட்டா அறுத்துட்டு ஓடாதீங்க, கூப்பிட்டுச் சொல்லுங்க.

மூணாவது, செம்மஞ்சளா குஞ்சுக் கூட்டம் தண்ணி மேல கொதிக்கிற மாதிரி தெரிஞ்சா அங்க லூர் போடாதீங்க. கீழ தாயும் தகப்பனும் காவல் இருக்கும். பசிக்காகக் கடிக்காது, குஞ்சைக் காப்பாத்தக் கடிக்கும். ரொம்ப சுலபமா மாட்டும். அதைத் தூக்கிட்டா அந்தக் குஞ்செல்லாம் மத்த மீனுக்கு இரை. அடுத்த வருஷம் அந்த ஏரியில உங்களுக்கு மீனே இருக்காது.

ரெண்டு கேள்வி, ரெண்டு பதில்

"ட்ரெபிள் ஹூக் லூர் ஏற்கெனவே அஞ்சு வாங்கிட்டேன், தூக்கிப் போடணுமா?" வேண்டாம். ட்ரெபிளைக் கழட்டிட்டு ஒத்தை முள் மாட்டுங்க. மிதக்கிற வகையா இருந்தா, பாசி தட்டினதும் இழுக்கிறதை நிறுத்துங்க, மேல வந்துடும், அப்புறம் தொடருங்க.

"முள்ளோட எதிர்முள்ளை நசுக்கணுமா?" நசுக்கலாம். குறடால ஒரு அமுக்கு. லைனை இறுக்கமா வச்சிருந்தா மீன் போகாது. பாசியில இருந்து, வலையில இருந்து, முக்கியமா உங்க விரல்ல இருந்து சுலபமா வெளிய வரும்.

அவ்வளவுதான் மக்களே. இந்த வாரம் போறவங்க துண்டு டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு எந்த லூர் தேறிச்சு, எது தேறலைன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல முடிச்சு: நாலு முடிச்சு தெரிஞ்சா போதும், நாற்பது தேவையில்ல. தனியா போகாதீங்க, தண்ணியில இறங்காதீங்க. பார்க்கலாம்.